மேக்கன் கவுண்டியை அறிய: மண், பத்திரம், மனிதர்

மான்ட்கமரிக்கும் ஆபர்னுக்கும் நடுவில் ஐ-85 நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அலபாமாவின் மேக்கன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) அரை மணி நேரப் பைன் காடு. கார்த் தொழிற்சாலை வேலைக்கோ பல்கலைக்கழகப் படிப்புக்கோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்த தமிழர்கள் வாரம் இரண்டு முறைகூட இதைக் கடந்து போகலாம். இறங்கிப் பார்க்க நினைத்தால் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: 38-ஆம் எக்ஸிட்டில் இறங்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்ற டஸ்கீகீ விமானத்தளத்தைப் பார், திரும்பு. அப்படிப் பார்த்தால் புகழ்பெற்ற கதைகள் நாலைந்து கிடைக்கும், கவுண்டி கிடைக்காது.

இந்த வழிகாட்டி வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் மண், அடுத்தது பத்திரப் பதிவேடு, பிறகு கல்லூரி வளாகம், அதன் பிறகே மனிதர்களிடம் கேள்வி. இந்த நிலம் யாரிடம் இருந்தது, யார் உழுதார்கள், எப்படிக் கைமாறியது என்று தெரிந்துகொண்டால் கல்லூரியும் விமானத்தளமும் நீதிமன்ற வழக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தும். மூன்று நாள் ஒதுக்குங்கள்: நிலத்துக்கு ஒரு சனிக்கிழமை, நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒரு வேலைநாள், தேவாலயத்துக்கு ஒரு ஞாயிறு காலை. மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. நடுவில் சில வாரங்கள் இருந்தால் பெயர்களைச் சரிபார்க்க நேரம் கிடைக்கும்.

கிளம்பும் முன்

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மேக்கன் என்ற பெயரில் ஆறு மாநிலங்களில் கவுண்டிகள் உள்ளன: அலபாமா, ஜார்ஜியா, இல்லினாய், மிசூரி, வட கரோலினா, டென்னஸி. போதாக்குறைக்கு ஜார்ஜியாவில் மேக்கன் என்றே ஒரு நகரமும் உண்டு. அது மேக்கன் கவுண்டியில் இல்லை, பிப் கவுண்டியில் இருக்கிறது. பழைய ஆவணங்களைத் தேடும்போது மாநிலப் பெயரை விட்டுவிட்டால் பாதி நாள் வேறொருவர் ஊரில் கழிந்துவிடும். கவுண்டிக்குப் பெயர் தந்த நத்தானியல் மேக்கன் வட கரோலினாவின் செனட்டர். பெயரைத் தவிர இந்த ஊருக்கும் அவருக்கும் உறவு தேடாதீர்கள்.

பரப்பு சுமார் 613 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,532. பத்தில் எட்டுப் பேர் கறுப்பின மக்கள். தலைநகர் டஸ்கீகீ, மற்ற சிறு ஊர்கள் நோட்டசல்கா, ஷார்ட்டர், ஃபிராங்க்லின். 1930-இல் இங்கே 27,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சாலையோரம் பூட்டிய வீடுகளும் ஆளில்லாத வயல்களும் ஏன் இத்தனை என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். போனவர்கள் டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லண்ட் என்று வடக்கே போனார்கள். ஆனால் நிலத்தில் அவர்களுடைய உரிமை இங்கேயே தங்கிவிட்டது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

எல்லைக் குழப்பமும் உண்டு. கவுண்டி உருவானது 1832 டிசம்பரில். 1866 டிசம்பரில் அதன் ஒரு பகுதி லீ கவுண்டிக்கும் இன்னொரு பகுதி புல்லக் கவுண்டிக்கும் போயின. அதாவது இன்று லீ கவுண்டியில் இருக்கும் ஆபர்னும், புல்லக்கில் இருக்கும் யூனியன் ஸ்பிரிங்ஸும் அதுவரை மேக்கனில் இருந்தவை. 1850, 1860 கணக்கெடுப்புகளைத் தேடும்போது இதை மறந்தால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், இடமும் தப்பும். 1866-க்குப் பிந்தைய பத்திரத்தை இங்கே காணவில்லை என்றால் லீ கவுண்டியின் தலைநகர் ஓப்பலைக்காவிலும் புல்லக்கின் தலைநகர் யூனியன் ஸ்பிரிங்ஸிலும் தேடிப் பாருங்கள்.

ஜார்ஜியா பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீதிமன்ற அலுவலக நேரத்தை மேக்கன் கணக்கில் பாருங்கள்.

சனிக்கிழமை: மண்

நோட்டசல்காவில் தொடங்குங்கள். 38-ஆம் எக்ஸிட்டிலிருந்து 81-ஆம் எண் சாலையில் வடக்கே போனால் போதும். இங்கே பீட்மான்ட் மேட்டுநிலம் முடிகிறது. மண் செம்மண், களிமண், செங்கல் நிறம். தெற்கே திரும்பி டஸ்கீகீயைத் தாண்டும்போது மணல் கலந்த மேடுகளும் பைன் மரங்களும் வரும். அங்கிருந்து மேற்கே ஷார்ட்டர், ஹார்டவே பக்கம் போனால் நிலம் தட்டையாகும், மரம் குறைந்து புல்வெளி விரியும், மண் கறுக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இதன் குணத்தை விளக்க வேண்டாம்: காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். 'பிளாக் பெல்ட்' என்ற பெயர் முதலில் இந்த மண்ணின் நிறத்தால் வந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் கவுண்டிகளைக் குறிக்கும் சொல்லாகப் பின்னால் மாறியது. இரண்டு பொருளும் ஒன்றையொன்று தொட்டுத்தான் நிற்கின்றன: பருத்திக்கு ஏற்ற மண் இருந்த இடத்துக்கே அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1860-இல் அன்றைய மேக்கன் கவுண்டியில் இருந்த சுமார் 26,800 பேரில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள்.

மண்ணைப் பார்க்கச் சாலை ஓரத்தைத் தோண்டாதீர்கள். அது சாலை போடும்போது வேறு எங்கிருந்தோ கொட்டிய மண்ணாக இருக்கும். சாலைக்காக மேட்டை வெட்டிய சரிவிலும் ஓடைக்கரையின் அரிப்பிலும் அடுக்கு அடுக்காகத் தெரிவதுதான் ஊர் மண். மழை பெய்த மறுநாள் கறுப்பு மண் பகுதியின் தார் போடாத சாலைகளில் காரை இறக்க வேண்டாம். நாலு சக்கர இழுவை இல்லாத வண்டி பத்தடிக்குள் நின்றுவிடும். கைபேசி சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது.

அடுத்து டஸ்கீகீ தேசியக் காடு. சுமார் 11,000 ஏக்கர். நாட்டின் தேசியக் காடுகளில் மிகச் சிறியது. காடு என்றதும் ஆதிகாலத்து மரங்களை எதிர்பார்க்காதீர்கள். பருத்தி போட்டுப் போட்டுச் சத்து வற்றி, மழையில் அரித்துப் போன வயல்களை 1930-களில் அரசாங்கம் வாங்கி மரம் நட்டது. 1959-இல் தேசியக் காடாக அறிவித்தது. ஆகவே பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே கவனித்தால் வயலின் எலும்புக்கூடு தெரியும். ஆள் உயர ஓடைகள் மழைநீர் அரித்தவை. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் தாழ்ந்த வரப்புகள், அரிப்பைத் தடுக்க உழவர்கள் போட்டவை. காட்டு நடுவில் தனியாக ஒரு மலைவேம்பு நின்றால் அங்கே வீடு இருந்திருக்கலாம். தெற்குப் பகுதி வீடுகளின் முற்றத்தில் நிழலுக்காக நட்ட மரம் அது. இலையைப் பார்த்ததும் நம் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். வசந்த காலத் தொடக்கத்தில் காட்டுக்குள் வரிசையாகப் பூத்திருக்கும் டாஃபடில் செடிகளும் அப்படியே. வீடு போய் எழுபது எண்பது ஆண்டுகள் ஆனாலும் பூக்கும்.

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை மான் வேட்டைக் காலம். அப்போது காட்டுக்குள் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடையோ தொப்பியோ கட்டாயம் வேண்டும். கோடையில் உண்ணி, திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். மண்மேடு போலத் தெரிவதன் மேல் நிற்காதீர்கள், நெருப்பெறும்புப் புற்றாக இருக்கும். மார்ச் முதல் மே வரையும் நவம்பரிலும் சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கையைக் கைபேசியில் இயக்கி வையுங்கள். 2019 மார்ச் 3 அன்று பக்கத்து லீ கவுண்டியில் 23 பேரைக் கொன்ற சூறாவளி தரைதொட்டது மேக்கன் கவுண்டியில்தான்.

வேலைநாள்: பத்திரம்

டஸ்கீகீ சதுக்கத்தில் நிற்கும் செங்கல் நீதிமன்றக் கட்டடம் 1905-ஐ ஒட்டி எழுந்தது. நிலப் பதிவேடுகள், உயில்கள், திருமணப் பதிவேடுகள் ஆகியவை ப்ரொபேட் ஜட்ஜ் அலுவலகத்தின் பொறுப்பு. சார்பதிவாளர் அலுவலகத்தையும் வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றத்தையும் ஒன்றாகச் சேர்த்தது போல எண்ணிக்கொள்ளுங்கள். நில வரி பார்ப்பது வேறு அலுவலகம், வருவாய் ஆணையருடையது. வரிப் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வீட்டு வரி ரசீது நம் ஊரில் உரிமைக்குச் சான்று ஆகாதது போலவே. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

காலையிலேயே போய்விடுங்கள். மதிய உணவு நேரத்தில் சிறு கவுண்டிகளில் அலுவலகம் மூடியிருக்கவும் கூடும். நகலுக்குச் சில்லறையாகப் பணம், பென்சில், கோடு போட்ட தாள், உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கைபேசியில் படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். புத்தகம் எங்கே என்று ஊழியர்கள் காட்டுவார்கள். உங்களுக்காகத் தேடித் தருவது அவர்கள் வேலை அல்ல. எடுத்த தொகுதியை எடுத்த இடத்திலேயே வைப்பதுதான் அங்கே உங்களுக்கு மரியாதை தேடித்தரும்.

முழுக் கவுண்டியையும் தேடப் போகாதீர்கள். ஒரே ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை பார்த்த ஒரு தேவாலயம், ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு பாழடைந்த கடை. வருவாய் ஆணையர் அலுவலக வரைபடத்தில் அதன் மனை எண்ணையும் நில விவரணையையும் குறித்துக்கொள்ளுங்கள். விவரணை இப்படி இருக்கும்: 'வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 17 வடக்கு, ரேஞ்ச் 24 கிழக்கு'. அலபாமா நில அளவையின் மொழி இது. தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆகும். பிறகு எந்தப் பத்திரமும் பயமுறுத்தாது.

டவுன்ஷிப் எண் தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறது. தென் அலபாமாவுக்கு அடிக்கோடு 31-ஆம் அட்சரேகை, அதாவது ஃபிளோரிடா எல்லை. ஒவ்வொரு டவுன்ஷிப்பும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். ஆகவே 17 வடக்கு என்றால் ஃபிளோரிடா எல்லைக்குச் சுமார் 100 மைல் வடக்கே. டஸ்கீகீ அங்கேதான் இருக்கிறது. ரேஞ்ச், மொபீல் நகருக்கு வடக்கே ஓடும் செயின்ட் ஸ்டீவன்ஸ் தீர்க்கரேகையிலிருந்து கிழக்கே எண்ணுவது. ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். பிறகு அடுத்த வரிசையில் 7, 8 என்று கிழக்கே திரும்பும். வயல் கோடியில் ஏரைத் திருப்பி மறுசால் ஓட்டுவது போல. வடகிழக்கு மூலையில் தொடங்கியது தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும்.

கால் பகுதிகளைப் பெரியதிலிருந்து சிறியதற்குப் படியுங்கள். செக்‌ஷன் 14-ஐ நான்காகப் பிரித்து வடகிழக்குக் காலை எடுத்தால் 160 ஏக்கர். அதை மறுபடி நான்காக்கித் தென்மேற்குக் காலை எடுத்தால் 40 ஏக்கர். இதை இங்கே 'ஒரு ஃபார்ட்டி' என்பார்கள். வரிசையை மாற்றி, தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால் என்று படித்தால் வேறு ஃபார்ட்டியில் போய் நிற்பீர்கள். ஆங்கிலப் பத்திரத்தில் சிறியது முதலில், பெரியது கடைசியில் வரும். எனவே கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிப்பதே பாதுகாப்பு. தாளில் சதுரம் வரைந்து நிழலிட்டுப் பாருங்கள். மனக்கணக்கு இதில் ஏமாற்றும்.

இனி தாய்ப்பத்திரம் தேடும் அதே முறைதான். இன்றைய உரிமையாளரின் பெயரை வாங்கியவர் அட்டவணையில் கண்டுபிடியுங்கள். அவருக்கு விற்றவர் யார் என்று குறியுங்கள். அந்த விற்றவரை வாங்கியவராகத் தேடுங்கள். இப்படியே பின்னால் போங்கள். பழைய அட்டவணைகள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் மட்டுமே பிரித்திருக்கும். அதற்குள் அகர வரிசை இருக்காது, பத்திரம் பதிவான வரிசையில் இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டலும் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும்.

சங்கிலி அறுந்தால் சோர வேண்டாம். வழக்கமான காரணங்கள் ஐந்து: உரிமையாளர் இறந்து நிலம் வாரிசுக்குப் போயிருக்கும், அப்போது உயில், சொத்துப் பங்கீட்டுக் கட்டுகளைப் பாருங்கள், கடனுக்கு ஏலம் போயிருக்கும், வரி பாக்கிக்கு விற்றிருக்கும், பெண் திருமணத்தால் பெயர் மாறியிருக்கும், அல்லது நீதிமன்ற உத்தரவால் கைமாறியிருக்கும். 'ஒரு டாலரும் பிற நன்மதிப்பும்' என்று எழுதியிருந்தால் அதை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெறும் சட்ட வாய்பாடு.

1830-களை எட்டும்போது பதிவேட்டின் குரல் மாறும். கசீட்டா ஒப்பந்தம், 1832 மார்ச் 24. இந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரீக் மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எஞ்சியிருந்த நிலத்தைக் கொடுத்தார்கள். பதிலாக ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் அரை செக்‌ஷன், 90 தலைவர்களுக்கு மட்டும் ஒரு முழு செக்‌ஷன் என்று ஒதுக்கீடு. காகிதத்தில் அது சொந்த நிலம். ஊக வணிகர்கள் சாராயத்தாலும் போலி ஆளை நிறுத்திக் கையொப்பம் வாங்கியும் நாலே ஆண்டில் பெரும்பகுதியைப் பறித்தார்கள். 1836-இல் படை வந்து கிரீக் மக்களை மேற்கே துரத்தியது. விற்பவர் இடத்தில் ஒரு கிரீக் பெயரும் அருகே ஒரு குறியும் கண்டால் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். சாட்சிகள் யார், விலை என்ன, அதே வாங்குபவர் அந்த வாரத்தில் எத்தனை பத்திரம் எழுதினார் என்று எண்ணிப் பாருங்கள். மாதிரி தானாகத் தெரியும். டஸ்கீகீ, நோட்டசல்கா, ஊஃபாப்பி, கேலபி என்ற பெயர்களை விட்டுச் சென்றவர்கள் அவர்களே.

நிலமில்லாதவர்கள் பத்திரப் பதிவேட்டில் தென்பட மாட்டார்கள். அவர்களுக்குக் கடன் பதிவேடுகளைத் திறக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடைக்காரரிடம் கடன் வாங்கினார்கள். வரப்போகும் பருத்தியும் கையிலிருந்த மாடும் அதற்கு ஈடு. அந்தப் பதிவுகளில் கோவேறு கழுதையின் நிறமும் வயதும், சில சமயம் அதன் பெயரும்கூட இருக்கும். ஒரே ஆளின் பெயர் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அவர் கடன் ஒருமுறையும் தீரவில்லை என்று பொருள். எந்த அருங்காட்சியகப் பலகையையும்விட இந்த ஏடுகள் தெளிவாகப் பேசுகின்றன.

கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் சதுக்கத்தின் நடுவில் கூட்டமைப்புப் படைவீரன் சிலை நிறுவப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். கூட்டமைப்பு என்பது உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்து போரிட்ட தென் மாநிலங்கள். அந்த இடத்தை 1906-இல் கவுண்டி நிர்வாகம் கூட்டமைப்புப் படையினரின் மகள்கள் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது: வெள்ளையர்களுக்கான பூங்காவாகவும் நினைவுச்சின்னத்துக்காகவும். பெரும்பான்மை கறுப்பின மக்கள் வாழும் ஊரின் நடுச் சதுக்கம் ஒரு தனிச் சங்கத்தின் பெயரில் நூறு ஆண்டுக்கு மேல் எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு பத்திரமே விடை. அதை மீட்கக் கவுண்டி நிர்வாகம் 2021-இல் வழக்குத் தொடர்ந்தது. நிபந்தனை வாக்கியங்களைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நிலத்தில் இன்னொரு சிக்கல் இன்றும் உயிரோடு இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் பிரிக்கப்படாமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பொதுவாகிவிடும். இங்கே அதை 'ஏர்ஸ் ப்ராப்பர்ட்டி' என்கிறார்கள். நாற்பது ஏக்கருக்கு அறுபது பங்காளிகள், பாதிப் பேர் டெட்ராய்ட்டில். அதில் ஒருவரின் பங்கை வெளியாள் மலிவாக வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. கறுப்பின விவசாயிகள் நிலம் இழந்த முக்கிய வழிகளில் இது ஒன்று. 2015 ஜனவரி முதல் அலபாமாவில் நடைமுறையில் இருக்கும் சட்டம், மதிப்பீடு செய்து மற்ற பங்காளிகள் முதலில் வாங்கும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. மேக்கனில் நிலம் வாங்க எண்ணுபவர்களுக்கு எங்கள் அறிவுரை: விலை வியக்கும்படி குறைவாக இருந்தால் பங்காளிகள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். உரிமைக் காப்பீடு தர எந்த நிறுவனமும் முன்வராத நிலத்தைத் தொடாதீர்கள்.

பெயர்களைச் சரிபார்க்க

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் இணையத்தில் உள்ளன. 1870-இல்தான் விடுதலை பெற்றவர்கள் பெயரோடு எழுதப்பட்டார்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் மட்டும் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். 1890 ஏடுகள் 1921 தீவிபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே 1880-க்கும் 1900-க்கும் இடையில் இருபது ஆண்டு இடைவெளி விழும். அதைத் திருமணப் பதிவேடுகளாலும் கடன் பதிவேடுகளாலும் நிரப்புங்கள். திருமணப் பதிவேடுகள் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி. ஒன்றில் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். கணக்கெடுப்பு அலபாமாவில் 'பீட்' என்ற பிரிவுப்படி நடந்தது. பீட் எண் தெரிந்தால் அண்டை வீட்டார் யார் என்பது வரை தெரியும். 1950 வரையான ஏடுகள் திறந்துள்ளன. 72 ஆண்டு கழிந்தால்தான் வெளியிடுவார்கள். மான்ட்கமரியில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் 1867 வாக்காளர் பதிவைப் பாருங்கள். விடுதலையான ஆண்கள் முதல்முறை வாக்காளராகப் பதிவான பட்டியல் அது.

வளாகம்

இப்போது டஸ்கீகீ பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். 1881 ஜூலை 4 அன்று தொடங்கியது. அடிமையாக இருந்து தகரத் தொழிலாளியான லூயிஸ் ஆடம்ஸும், அடிமைகளை வைத்திருந்த வங்கியாளர் ஜார்ஜ் கேம்பெலும் இதற்கு வழி செய்தார்கள்; ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு தந்தது ஆண்டுக்கு 2,000 டாலர். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரியிலிருந்து தலைவராக வந்த புக்கர் டி. வாஷிங்டன் கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தின் 100 ஏக்கரை வாங்கினார். மாணவர்களே மண் எடுத்துச் செங்கல் சுட்டார்கள். முதல் மூன்று சூளையும் வீணாயின, நாலாவது வெந்தது. வளாகத்தின் பழைய சுவர்களின் நிறத்தையும் நீங்கள் சனிக்கிழமை பார்த்த களிமண்ணின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டடங்களை வரைந்த ராபர்ட் டெய்லர் எம்ஐடியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் வந்தார். அவரை நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வது தவறு. அவர் செய்தது அதைவிடப் பெரியது. நீங்கள் காட்டில் பார்த்தீர்களே, அந்த அரித்துப்போன வயல்கள். அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த கடன்பட்ட உழவருக்குக் காசு செலவில்லாத உழவு சொன்னார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடு, மண்ணில் தழைச்சத்து ஏறும். சதுப்பு மண்ணையும் இலைக்குப்பையையும் எருவாக்கு. விளைந்ததை இப்படிச் சமை. 1906-இல் இதையெல்லாம் மாட்டுவண்டி போன்ற ஒரு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். வாஷிங்டனின் வீடு, கார்வர் அருங்காட்சியகம் இரண்டும் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பு. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இருவர் கல்லறையும் வளாகத்திலேயே அருகருகே உள்ளன.

மோட்டன் ஃபீல்டு விமானத்தளம் பற்றிச் சொல்லப் போதிய பலகைகள் அங்கேயே உண்டு: 1941 முதல் 1946 வரை 1,000-க்குச் சற்றுக் குறைவான கறுப்பின விமானிகள் டஸ்கீகீயில் பயிற்சி பெற்றார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏன் இந்த ஊர்? காரணம், சொந்த நிலமும் பயிற்சிப் பட்டறைகளும் வைத்திருந்த கறுப்பினக் கல்லூரி இங்கே இருந்தது. 1923-இல் வந்த முன்னாள் படையினர் மருத்துவமனையும் இதே காரணத்தால் வந்தது. கல்லூரியிலும் மருத்துவமனையிலும் சம்பளம் வாங்கியவர்களை உள்ளூர்ப் பண்ணையார் நிலத்திலிருந்து துரத்த முடியாது, கடைக்காரர் கடனை நெருக்கவும் முடியாது. பின்னால் நடந்தவற்றின் வேர் அதில் இருக்கிறது.

1957-இல் அலபாமா சட்டமன்றம், சதுரமாக இருந்த டஸ்கீகீ நகர எல்லையை 28 பக்கம் கொண்ட வடிவமாக வெட்டியது. நகரின் சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரும் எல்லைக்கு வெளியே போனார்கள்; வெள்ளையர் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. சமூகவியல் பேராசிரியர் சார்ல்ஸ் கோமில்லியன் தலைமையில் மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். 1960 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சூழ்ச்சி அரசியலமைப்புக்கு எதிரானதாகும் என்று தீர்ப்பளித்தது. பழைய, புதிய எல்லைக் கோடுகள் கொண்ட வரைபடம் தீர்ப்புடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். கோடு வளாகத்தை எப்படி ஒதுக்கிவிட்டு ஓடுகிறது என்பது காலுக்குத் தெரியும். பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கக் கோரி 1963-இல் தொடங்கிய வழக்கின் உத்தரவு 1967-இல் அலபாமாவின் பெரும்பாலான பள்ளி நிர்வாகங்களுக்கும் விரிந்தது. 1966 தேர்தலில் இங்கே ஷெரிஃபாக (கவுண்டிக் காவல் தலைவராக) வென்ற லூசியஸ் அமர்சன், உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் தெற்கில் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர்.

ஞாயிறு: மனிதர்

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளியூர்க்காரர் வாயைத் திறந்ததும் 'அந்த சிபிலிஸ் ஆய்வு' என்று தொடங்குவது இங்கே பழகிப்போன வேதனை. உண்மையைச் சரியாகத் தெரிந்துகொண்டு, அவர்களே எடுக்கும் வரை காத்திருங்கள். ஆய்வை நடத்தியது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, 1932 முதல் 1972 வரை. 600 கறுப்பின ஆண்கள், 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. அவர்களுக்கு ஊசி மூலம் நோயை ஏற்றினார்கள் என்று பரவலாகச் சொல்வது தவறு. 'கெட்ட ரத்தம்' என்று பொய் சொல்லி, 1947-க்குள் பென்சிலின் வழக்கமான மருந்தாக ஆன பிறகும் சிகிச்சை தராமல், இறக்கும் வரை கவனித்தார்கள். அதுவே போதிய கொடுமை. இலவசச் சாப்பாடும் அடக்கச் செலவும் ஏன் தூண்டில் ஆயின என்பதைக் கடன் பதிவேடு பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்களில் பலர் அடக்கமான இடம் நோட்டசல்காவின் ஷைலோ தேவாலயக் கல்லறை. பக்கத்திலேயே பழைய ரோஸன்வால்ட் பள்ளிக்கூடம், கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஜூலியஸ் ரோஸன்வால்டின் நிதியுதவியோடு கட்டியது. கல்லறையில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில் வாழ்கிறார்கள். ஊரின் பெயரால் அல்லாமல் துறையின் பெயரால் அந்த ஆய்வைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

பெரியவர்களைக் குடும்பப் பெயருக்கு முன் மிஸ்டர், மிஸஸ் சேர்த்து அழையுங்கள். சொல்லும் பதிலில் 'மேம்', 'சர்' இருக்கட்டும். இது வெறும் நாகரிகம் அல்ல. வெள்ளையர் ஆதிக்கக் காலத்தில் கறுப்பினத்தவருக்கு அந்த அடைமொழியைத் திட்டமிட்டு மறுத்தார்கள். அலபாமாவிலேயே கேட்ஸ்டன் நீதிமன்றத்தில் வெறும் 'மேரி' என்று அழைத்ததற்குப் பதில் சொல்ல மறுத்த குடியுரிமைப் போராளி மேரி ஹாமில்டன் தண்டிக்கப்பட்டார். 1964-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். பழகிய பிறகு 'மிஸ்' என்பதோடு முதற்பெயரைச் சேர்த்துக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

தேவாலயத்துக்குப் போனால் முழுக்கை, மூடிய காலணி. ஆராதனை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். நடுவில் எழுந்து போகாதீர்கள். புதியவர்களை எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். பெயர், எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும். காணிக்கைத் தட்டு வரும்போது ஒரு சிறு தொகை. ஆகஸ்டை ஒட்டி வரும் 'ஹோம்கமிங்' ஞாயிறு கிடைத்தால் விடாதீர்கள். வடக்கே போன குடும்பங்கள் திரும்பி வரும் நாள் அது. பருத்திக்குக் களை எடுத்து முடித்து, அறுவடைக்குக் காத்திருக்கும் ஓய்வுக் காலத்தில் அமைந்த வழக்கம்.

'ஹூ ஆர் யுவர் பீப்பிள்?' என்று கேட்பார்கள். நம் ஊரில் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பதற்குச் சற்றும் வேறுபாடில்லை. சங்கடப்பட வேண்டாம். அப்பா, அம்மா ஊர், அவர்கள் செய்த தொழில் சொல்லுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் என்ன பயிர் என்று கேள்வி வரும். நிலக்கடலை என்றால் பேச்சு அரை மணி நேரம் நீளும்.

பிறகு நீங்கள் கேட்கலாம். 'இனவெறியை அனுபவித்தீர்களா' என்று பெரிய கேள்வி கேட்காதீர்கள். இடம், பொருள், பெயர் பற்றிக் கேளுங்கள். இந்தச் சாலைக்கு முன்பு என்ன பெயர்? பருத்தியை எந்த ஆலைக்குக் கொண்டு போவீர்கள்? பள்ளிக்கூடம் எத்தனை மைல், யார் விறகு கொண்டு வருவார்கள்? ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். மறுத்தால் குறிப்பும் எடுக்காமல் கேளுங்கள். ஆண்டு தப்பினால் திருத்த வேண்டாம், பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் தேடிய நிலத்தின் பத்திரத்திலோ கடன் ஏட்டிலோ அந்தக் குடும்பத்தின் பெயர் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். பின்பக்கத்தில் தொகுதி எண், பக்க எண், பதிவான தேதி மூன்றையும் எழுதுங்கள். பங்காளிகளோடு பேசவும் வழக்கறிஞரிடம் போகவும் அவர்களுக்குத் தேவைப்படுவது அந்த மூன்று எண்கள்.